81 மட்டும் போதாது, 87-ம் வேண்டும்: அரசு விமான நிறுவனத்தில் எந்த விசாரணையை வைப்பது?

அரசுக்குச் சொந்தமான ஒரு விமான நிறுவனத்தில் நிதிக் கட்டுப்பாடு சரியில்லை என்று தெரியவருகிறது. விசாரித்தே ஆக வேண்டும் என்று அரசு முடிவு செய்கிறது. எந்த வகை விசாரணை? என் தங்கை மகள் சேலத்தில் சி.ஏ. படிக்கிறாள். அவள் படிக்கும் குழுவில் இந்த வார விவாதத்துக்கு எடுத்துக்கொண்ட கேள்வி இது. ஞாயிற்றுக்கிழமை அஸ்தம்பட்டிக்கு வந்தவள், "மாமா, இத்தனை வருஷம் தணிக்கையில இருந்தீங்களே, நீங்களா இருந்தா எதைப் போடுவீங்க?" என்று கேட்டாள். அன்றைக்கு அவசரத்தில் பாதி பதில்தான் சொன்னேன். மீதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

நான் கூட்டுறவுத் தணிக்கைத் துறையில் இருந்தவன். சேலம் மாவட்டத்துச் சங்கங்களின் பேரேடுகளோடு வாழ்ந்தவன். விமான நிறுவனத்தின் கணக்கு ஆயிரக்கணக்கான கோடிகளில் ஓடுவது. ஆனாலும் பணம் வெளியே போகும் வழியை யார் காவல் காக்கிறார்கள் என்ற கேள்வி இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

சேலத்துக்காரர்களுக்கு இதில் என்ன அக்கறை என்றால், இருக்கிறது. காமலாபுரம் விமான நிலையத்தில் சேவை வருவதும் நிற்பதுமாக இருந்த கதை நமக்குத் தெரியும். 2018-ல் ட்ரூஜெட் வந்தது, 2021-ல் நின்றது. 2023 அக்டோபரில் மறுபடி சேவை தொடங்கியபோது முதலில் வந்தது அலையன்ஸ் ஏர். பெங்களூரிலிருந்து சேலம் வழியாகக் கொச்சி. அது அரசு நிறுவனம். 2022 ஜனவரியில் ஏர் இந்தியா டாடாவிடம் போனபோது இது அரசிடமே தங்கிவிட்டது. சிறிய ஊர்களுக்கு விமானம் விடும் உடான் திட்டத்தில், வரவுக்கும் செலவுக்கும் உள்ள இடைவெளியை நிரப்ப விமான நிறுவனங்களுக்குத் தரும் நிதியில் ஐந்தில் ஒரு பங்கு மாநில அரசு கொடுப்பது. அங்கே தவறு நடந்ததாக நான் சொல்ல வரவில்லை. அந்தச் சின்ன ஏடிஆர் விமானத்தில் நம் பணமும் சேர்ந்தது, அதனால் கேட்கிற உரிமையும் இருக்கிறது, அவ்வளவுதான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் துறையில் எல்லாவற்றுக்கும் எண்தான் பெயர். 1983 தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தில் 80 என்றால் தணிக்கை. 81 என்றால் விசாரணை. "அந்தச் சங்கத்துல 81 போட்டுட்டாங்க" என்று ஒருவர் சொன்னால், பக்கத்துச் சங்கச் செயலாளருக்கும் வயிற்றைக் கலக்கும். 82 என்றால் ஆய்வு. 87 என்றால் தண்டத் தீர்வை: சங்கத்துக்கு ஏற்பட்ட நஷ்டத்தை, அதற்குக் காரணமான ஆளிடமே வட்டியோடு வசூலிப்பது. 81-ஐ மூன்று மாதத்தில் முடிக்க வேண்டும். நீட்டிப்பு வாங்கலாம், அதற்கும் எல்லை உண்டு. விமான நிறுவன விசாரணைகளைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் நான் தேடுவது இதைத்தான். 81 மாதிரி ஏதோ ஒன்றை எல்லா நாடுகளும் வைக்கின்றன. அதன் பின்னால் ஒரு 87 இருக்கிறதா?

கட்டுப்பாடு என்றால் என்ன என்பதை என் கண்ணால் பார்த்த ஓர் இடத்தை வைத்துச் சொல்கிறேன். சேர்வராயன் மலையடிவாரத்தில் ஒரு சங்கம், பெயர் வேண்டாம். நகைக்கடன் பெட்டகத்துக்கு இரட்டைப் பூட்டு. ஒரு சாவி செயலாளரிடம், மற்றது காசாளரிடம் இருக்க வேண்டும். இரண்டு பேரும் சேர்ந்து நின்றால்தான் பெட்டகம் திறக்கும். நான் போன காலையில் செயலாளர் மட்டும் வந்தார். இடுப்பிலிருந்து ஒரு வளையத்தை எடுத்தார். இரண்டு சாவியும் அதில் தொங்கின. காசாளருக்கு வீடு மலைமேல், பஸ் நேரத்துக்கு இறங்கி வர முடிவதில்லை, ஒரு வசதிக்காக நானே வைத்திருக்கிறேன் என்றார். பதிவேட்டைப் புரட்டினால் ஒவ்வொரு நாளும் இரண்டு கையெழுத்தும் அச்சடித்த மாதிரி இருந்தன. பொட்டலங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடை போட்டு உரசிப் பார்த்தோம். மாலைக்குள் ஐந்து பொட்டலத்தில் கவரிங் கிடைத்தது.

அதற்கு முந்தைய மூன்று வருடத் தணிக்கையிலும் அந்தச் சங்கத்தின் மேல் ஒரு குறையும் எழுதப்படவில்லை. வந்தவர்கள் கையெழுத்தைப் பார்த்தார்கள், சாவியைப் பார்க்கவில்லை. தென்னாப்பிரிக்க அரசு விமான நிறுவனத்தில் இதுவே பெரிய அளவில் நடந்தது. தனியார் தணிக்கையாளர்கள் வருடாவருடம் கணக்கு சரி என்று சான்று கொடுத்துக்கொண்டே வந்தார்கள். அரசுத் தலைமைத் தணிக்கையாளர் 2016-17 கணக்கைக் கையில் எடுத்ததும் அந்தச் சான்று அப்படியே கிடைக்கவில்லை. கடைசியில் நிறுவனம் 2019 டிசம்பரில் மீட்பு நடவடிக்கைக்குள் போனது.

இனி தேர்வுகள்.

முதலில் சிஏஜி, அதாவது இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர். எங்கள் 80-க்குப் பெரியண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அரசு நிறுவனத்துக்குத் தணிக்கையாளரை நியமிப்பதே சிஏஜிதான். அவர் முடித்த கணக்கின்மேல் துணைத் தணிக்கையும் செய்யலாம். தனியாகச் செயல்திறன் தணிக்கையும் உண்டு. ஏர் இந்தியா பற்றி 2011 செப்டம்பரில் நாடாளுமன்றத்தில் வைத்தது அப்படிப்பட்ட அறிக்கை. ஏர் இந்தியா முதலில் 28 விமானங்களுக்குத் திட்டம் போட்டிருந்தது. மறுபடி பாருங்கள் என்றது அமைச்சகம். சில மாதங்களில் 28 என்பது 68 ஆகிவிட்டது. இந்தியன் ஏர்லைன்ஸுக்கான 43-ஐயும் சேர்த்தால் 111 விமானங்கள், கிட்டத்தட்ட எல்லாமே கடனில். அந்த முடிவு எந்த மேசையிலிருந்து எந்த மேசைக்கு எவ்வளவு வேகமாகப் போனது, 2007-ல் இரண்டு நிறுவனங்களையும் எந்த நிலையில் இணைத்தார்கள் என்பதையெல்லாம் பொறுமையாக எழுதியிருந்தார்கள். தணிக்கைக்காரனாக அந்த அறிக்கையின் மேல் எனக்கு மரியாதை உண்டு.

ஆனால் அதன் பிறகு என்ன ஆனது? மறு வருடம் அரசு, 2021 வரை சுமார் 30,231 கோடி ரூபாய் மூலதனம் போடும் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. 2021 ஆகஸ்ட் முடிவில் கடன் 61,562 கோடி. டாடா அதில் 15,300 கோடியை ஏற்றுக்கொண்டது. மீதி 46,262 கோடி, சொத்துகளை வைத்திருப்பதற்கென்று அரசு தொடங்கிய நிறுவனத்தின் தலையில் விழுந்தது. அதாவது நம் தலையில். சிஏஜி காகிதத்தைப் பார்க்கும், காகிதத்தில் இருப்பதைச் சரியாகச் சொல்லும். ஓர் ஆளைக் கூப்பிட்டு, சத்தியப்பிரமாணம் வாங்கி, "இரண்டு சாவியும் உன்னிடம் எப்படி வந்தது?" என்று கேட்பது அதன் வேலை கிடையாது. சொன்னதை யாராவது செய்தார்களா என்று பார்ப்பது நாடாளுமன்றக் குழுவின் கையில். எனவே சிஏஜி எப்படியும் இருக்க வேண்டும். அதை மட்டும் நம்பி உட்கார்ந்துவிட முடியாது.

இரண்டாவது, போலீஸ் விசாரணை. நம் நாட்டில் பெரும்பாலும் சிபிஐ. மக்கள் முதலில் கேட்பது இதைத்தான். கோபம் எனக்கும் புரிகிறது. ஆனால் கட்டுப்பாடு தளர்ந்து கிடப்பது வேறு, அந்தத் தளர்வில் ஒருவன் எடுத்தான் என்பது வேறு. குற்றவியல் நீதிமன்றம் இரண்டாவதை மட்டும்தான் கேட்கும், அதையும் சந்தேகத்துக்கு இடமில்லாமல் காட்டச் சொல்லும். ஏர் இந்தியா விமானக் கொள்முதல், குத்தகை ஆகியவை பற்றி 2017 மே மாதம் சிபிஐ வழக்குகள் பதிந்தது. குத்தகை வழக்கை முடித்துக்கொள்ளலாம் என்று 2024 மார்ச்சில் நீதிமன்றத்தில் அறிக்கை கொடுத்தது. ஏழு வருடம். குத்தகை முடிவுகள் நல்ல முடிவுகள் என்று அதற்கு அர்த்தமில்லை. குற்றம் என்று நிலைநாட்டும் அளவுக்கு இல்லை என்பதுதான் அர்த்தம். இன்னொரு சங்கடமும் உண்டு, இதை அனுபவித்துச் சொல்கிறேன். அசல் ரெஜிஸ்டர்கள் ஒருமுறை நீதிமன்றத்துக்குப் போய்விட்டால் வருடக்கணக்கில் திரும்பாது. உள்ளே இருக்கும் நல்ல ஊழியர்களும் பயந்து வாயை மூடிக்கொள்வார்கள். ஓட்டை எங்கே என்று தெரியாமலே நிறுவனம் பழையபடி ஓடும்.

மூன்றாவது, நீதிபதி தலைமையில் விசாரணை ஆணையம். பெரிய தேர்வு இதுதான், அதனால் கொஞ்சம் நின்று பார்க்கிறேன்.

நம் நாட்டில் 1952-ஆம் வருட விசாரணை ஆணையச் சட்டப்படி அதற்கு சிவில் நீதிமன்ற அதிகாரம் உண்டு. முன்னாள் அமைச்சரையும் கூப்பிடலாம், வங்கியின் ஆவணத்தையும் கேட்கலாம். ஒருவர் பெயர் கெடும் என்றால் அவருக்கு முன்னாலேயே நோட்டீஸ் கொடுத்து, அவர் தரப்பையும் கேட்க வேண்டும், 8பி பிரிவு. நியாயமான ஏற்பாடு, ஆனால் ஒவ்வொரு நோட்டீஸுக்கும் ஒரு வழக்கறிஞர் வருவார், ஒவ்வொரு வழக்கறிஞரும் தேதி கேட்பார். அப்புறம் 6-வது பிரிவு. ஆணையத்தின் முன் ஒருவர் சொன்னதை, பொய்ச்சாட்சி வழக்கு தவிர, வேறெந்த வழக்கிலும் அவருக்கு எதிராகப் பயன்படுத்தக் கூடாது. உண்மையைப் பேசவைக்கத்தான் இந்தப் பாதுகாப்பு. விளைவு என்ன என்றால், ஆணையம் கண்டுபிடித்ததைப் போலீஸ் மறுபடி முதலிலிருந்து கண்டுபிடிக்க வேண்டும். பரிந்துரையும் அரசைக் கட்டாயப்படுத்தாது. ஆறு மாதத்துக்குள் அறிக்கையை நடவடிக்கைக் குறிப்போடு சபையில் வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

தென்னாப்பிரிக்காவில் அரசு நிறுவனங்களின் ஊழலை நீதிபதி சோண்டோ தலைமையில் விசாரித்த சோண்டோ ஆணையம் இந்த வகைக்கு உலகமே பார்த்த உதாரணம். 2018 ஜனவரியில் அமைத்தார்கள். 180 நாள் என்று தொடங்கியது நான்கு வருடத்துக்கு மேல் போனது. செலவு ஏறத்தாழ 100 கோடி ராண்ட். விமான நிறுவனத்தைப் பற்றிய பகுதி 2022 ஜனவரியில் வெளியானது. இயக்குநர் குழுவின் தலைமையிலேயே கட்டுப்பாடு எப்படி உடைந்தது என்று பெயர் சொல்லி எழுதினார்கள். அதைச் சொல்லும் தைரியம் ஒரு சின்ன குழுவுக்கு வந்திருக்காது, ஒத்துக்கொள்கிறேன். இதில் எனக்கு முக்கியமாகப் படுவது நடுவில் நடந்த ஒரு மாற்றம். ஆணையத்தில் திரட்டிய தகவலை அரசு வழக்குத் தொடரும் அமைப்போடு பகிர முதலில் வழி இல்லை. 2020-ல் விதியைத் திருத்தித்தான் அந்த வழியைத் திறந்தார்கள். 81-க்கும் 87-க்கும் நடுவில் பாலமில்லை என்பது இரண்டு வருடம் ஓடிய பிறகுதான் அவர்களுக்கு உறைத்தது.

இலங்கை நமக்கு இன்னும் பக்கம். அங்கே ஒரே விமான நிறுவனத்துக்கு இரண்டு வகை விசாரணையும் நடந்தது. இதைவிட நல்ல ஒப்பீடு கிடைக்காது. ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸில் எமிரேட்ஸ் நிறுவனம் 1998-ல் பங்கு வாங்கி நிர்வாகத்தையும் ஏற்றது. அந்த ஒப்பந்தம் 2008-ல் முடிந்தது. பிறகு நஷ்டம். 2013-ல் விமானம் தயாரிக்கும் ஏர்பஸ்ஸிடம் பெரிய ஆர்டர். 2015-ல் ஆட்சி மாறியதும், வெலியமுனா என்ற வழக்கறிஞர் தலைமையில் ஒரு சின்ன விசாரணைக் குழு போட்டார்கள். அந்த வருடத்தின் முதல் சில மாதங்களுக்குள்ளேயே அறிக்கை வந்துவிட்டது. விமானக் கொள்முதலைக் குற்றவியல் கண்ணோடு விசாரிக்க வேண்டும் என்று அப்போதே சொன்னது. ஜனாதிபதி ஆணையம் 2018-ல்தான் வந்தது. 2006 முதல் 2018 வரையிலான காலம், கூடவே மிஹின் லங்கா என்ற இன்னொரு அரசு விமான நிறுவனம், விமான உணவு நிறுவனம் என்று பரப்பும் பெரியது. 2019-ல் அறிக்கை கொடுத்தது. இதற்கு நடுவில், வந்தே சேராத ஏ350 விமானங்களின் குத்தகையை ரத்து செய்ய மட்டும் 9 கோடி டாலருக்கு மேல் கொடுத்தாகிவிட்டது.

உண்மை உடைந்தது வேறு ஊரில். 2020 ஜனவரி 31 அன்று ஏர்பஸ் நிறுவனம் பிரான்ஸ், பிரிட்டன், அமெரிக்கா மூன்றோடும் லஞ்ச வழக்குகளில் 360 கோடி யூரோ அளவில் சமரசம் செய்துகொண்டது. பிரிட்டன் நீதிமன்றத்தில் வைத்த உண்மை விவர அறிக்கையில் ஸ்ரீலங்கன் பெயரும் இருந்தது. விமான நிறுவன உயரதிகாரி ஒருவரின் மனைவி பெயரில் இருந்த நிறுவனத்துக்கு 20 லட்சம் டாலர் போனது என்றும், பேசிவைத்த தொகை அதைவிடப் பல மடங்கு என்றும் அதில் இருந்தது. அடுத்த மாதமே அந்த அதிகாரி கொழும்பில் கைது. 2015 குழு சுட்டிக்காட்டிய இடம்தான் அது. ஐந்து வருடம் அந்த விரல் அப்படியே நீட்டிக்கொண்டு நின்றது, யாரும் அந்தப் பக்கம் நடக்கவில்லை.

இதை எப்படி வாசிப்பது? சின்னக் குழு வீண் என்று சிலர் சொல்வார்கள். நான் அப்படி வாசிக்கவில்லை. குறைந்த செலவில், சில மாதங்களில், சரியான மேசையை அது கண்டுபிடித்துவிட்டது. அதன் கையில் வங்கிக் கணக்கைத் தொடரும் அதிகாரமும், வெளிநாட்டோடு தகவல் பரிமாறும் வழியும் இல்லை. அறிக்கையை வாங்கி வைத்தவர்கள் அடுத்த அடியை எடுக்கவில்லை. குறை அங்கேதான்.

வெளியிலிருந்து ஒரு தனியார் நிறுவனத்தை வைத்துத் தடயத் தணிக்கை செய்வதும் ஒரு தேர்வு. கணினியில் அழித்த பதிவுகளை மீட்க அவர்கள் தேவை. கூலி கொடுப்பது அதே நிறுவனம் என்றால் அறிக்கை கடைசியில் மிருதுவாகிவிடும். உதவிக்கு வைத்துக்கொள்ளலாம், தலைமைக்கு வேண்டாம்.

ஆகவே என் முடிவு: மூன்று பேர் கொண்ட சின்னக் குழு, ஆறு மாதம், சட்டப்படி ஆளைக் கூப்பிடும் அதிகாரத்தோடு. ஒருவர் தணிக்கைக்காரர், ஒருவர் சட்டம் தெரிந்தவர், மூன்றாமவர் விமானக் கணக்கைக் கையால் செய்தவர். அந்த மூன்றாமவரை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். டிக்கெட் பணம் பறப்பதற்கு முன்னாலேயே வந்துவிடுவது. அதுவரை அது வருமானம் கிடையாது, பயணிக்குத் தர வேண்டிய கடன். குத்தகை விமானம் பறந்தாலும் நின்றாலும் வாடகை ஏறும். பராமரிப்புக்கென்று பறந்த மணிக்கணக்கில் தனிப் பணம் கட்ட வேண்டியிருக்கும். எரிபொருள் ஊற்றியதும் விமானத்தின் பக்கத்திலேயே ஒரு சீட்டில் கையெழுத்தாகும். அந்தச் சீட்டில் உள்ள லிட்டரும் பில்லில் உள்ள லிட்டரும் ஒன்றா என்று யார், எப்போது ஒத்துப் பார்க்கிறார்கள்? எங்கள் சங்கங்களில் அனாமத்துக் கணக்கை, அதாவது எதற்கென்று முடிவாகாத தொகைகளை நிறுத்திவைக்கும் கணக்கை, திறந்தாலே பாதிக் கதை தெரிந்துவிடும். விமான நிறுவனத்தில் எந்தக் கணக்கில் அந்தக் கதை ஒளிந்திருக்கும் என்பது அங்கே உட்கார்ந்து எழுதியவருக்குத்தான் தெரியும்.

நியமன உத்தரவிலேயே சில விஷயங்களை எழுதிவிட வேண்டும். உத்தரவு போட்ட அன்றே ஆவணங்களுக்கும் கணினிகளுக்கும் சீல். நடுவில் குற்றம் தெரிந்தால், அறிக்கைக்காகக் காத்திராமல் அந்தப் பகுதியை மட்டும் நகலெடுத்துப் புலனாய்வுக்கு அனுப்புவது. அறிக்கை வெளியாகும் தேதி. ஒவ்வொரு கண்டுபிடிப்புக்கும் எதிரே, இதைச் சரிசெய்ய வேண்டியவர் யார், பணத்தைத் திரும்ப வாங்க வேண்டியவர் யார் என்று பதவியோடு. அறிக்கைக்குப் பின் ஒரு வருடம் கழித்து சிஏஜி போய், செய்தார்களா என்று பார்த்து எழுதட்டும். எனக்கு வேண்டிய 87 இதுதான்.

ஒரே ஒரு நிலைமையில் நான் ஆணையத்தின் பக்கம் போவேன். தவறு நிறுவனத்துக்குள் நிற்காமல், அமைச்சர் மட்டத்திலிருந்தே வந்த வாய்மொழி உத்தரவு என்று சந்தேகம் இருந்தால். 28 எப்படி 68 ஆனது என்பது மாதிரிக் கேள்விகளுக்கு மூன்று அதிகாரிகள் கொண்ட குழு போதாது. அப்போதும் ஆணையத்துக்குக் கொடுக்கும் கேள்விகள் ஐந்தாறுக்கு மேல் போகக் கூடாது. பன்னிரண்டு வருடத்தையும் மூன்று நிறுவனத்தையும் ஒரே ஆணையத்தின் தலையில் வைத்தால் அது வரலாறு எழுதத் தொடங்கிவிடும்.

அந்த மலையடிவாரச் சங்கத்தில் 81 நான்கு மாதத்தில் முடிந்தது. 87 உத்தரவு வந்து, செயலாளரின் நிலத்தை ஜப்தி செய்து, பணம் வசூலாக இன்னும் மூன்று வருடம் ஆனது. ஐந்து பொட்டலத்தில் ஒன்று மலைமேல் ஊரைச் சேர்ந்த ஓர் அம்மாவுடைய தோடு. தோடு கிடைக்கவில்லை, அதன் மதிப்புக்குப் பணம் கிடைத்தது. வாங்கிக்கொண்டு, "அது எங்கம்மா போட்டதுங்க சார்" என்று மட்டும் சொன்னார்.

பிறகு தங்கை மகளிடம் இதையெல்லாம் சொல்லி முடித்தேன். எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு, "நீங்க சொல்றது சரிதான் மாமா. ஆனா பெரிய ஆளைக் கூப்பிட முடியாத குழு எத்தனை மாசத்துல முடிச்சா என்ன? நான் ஆணையத்துக்குத்தான் பேசப் போறேன்" என்றாள். "பேசு கண்ணு, ஆனா 6-வது பிரிவை எதிர்த்தரப்பு எடுக்கும், அதுக்குப் பதில் வச்சுக்கோ" என்றேன். தென்னாப்பிரிக்கா 2020-ல் விதியைத் திருத்தியதை நம் சட்டத்திலும் செய்ய முடியுமா என்று தேடிக்கொண்டிருக்கிறாள். வெள்ளிக்கிழமை விவாதம்.